கூடாரத்துக்குச் சுவர் கிடையாது

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் முகாம் திடல்களில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி காக்க வேண்டும் என்பது விதி. இருந்தும், சென்ற கோடையில் நாங்கள் தங்கிய ஒரு திடலில் நள்ளிரவு தாண்டியும் பக்கத்து இடத்தில் பாட்டு ஓயவில்லை. கார் பூட்டப்படும்போதெல்லாம் ஹாரன் அலற, எங்கள் குழந்தை மூன்று முறை திடுக்கிட்டு எழுந்து அழுதது. நமக்கும் அடுத்தவருக்கும் நடுவே இருப்பது மெல்லிய துணி மட்டுமே என்பதை ஏன்தான் மறந்துவிடுகிறார்களோ!

இரவில் காரை ரிமோட்டால் பூட்டாமல், கதவின் உட்புறப் பொத்தானை அழுத்தியோ சாவியைக் கொண்டோ பூட்டுங்கள். தலையில் அணியும் விளக்கைத் தரையை நோக்கித் தாழ்த்திக்கொள்ளுங்கள். கழிப்பறைக்குக் குறுக்கு வழி என்று பிறர் கூடாரத்தை ஒட்டி நடக்காதீர்கள். யோசெமிட்டி தேசியப் பூங்கா போன்ற கரடி நடமாடும் இடங்களில் உணவை மட்டுமின்றி, பற்பசை, சோப்பு போன்ற மணமுள்ள எல்லாவற்றையும் திடலில் உள்ள இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். அதன் கதவு பெருஞ்சத்தம் எழுப்பும் என்பதால், 10 மணிக்கு முன்பே அந்த வேலையை முடித்துவிடுங்கள். படுக்கும் முன் நெருப்பில் நீரூற்றிக் கிளறி, சாம்பல் முழுதும் குளிரும்வரை மீண்டும் ஊற்றுங்கள்.

அக்கம்பக்கத்தார் தொல்லை கொடுத்தால், ஒருமுறை பணிவாகச் சொல்லிப் பாருங்கள். கேட்காவிட்டால், வாக்குவாதத்தில் இறங்காமல் திடல் பொறுப்பாளரிடமோ பூங்காக் காவலரான ரேஞ்சரிடமோ தெரிவியுங்கள்.