ஊர்ப்பெயரைப் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊர் வரலாறு எழுதக் கிளம்பும் பிள்ளைகள் கட்டுரையை அனுப்பிப் பார்த்துத் தரச் சொல்வார்கள். எழுத்துப்பிழையை யாரும் திருத்திவிடலாம். ஒரு காலத்தில் நானும் செய்து, இப்போது அவர்களும் விடாமல் செய்கிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

இன்றைய பெயரை அப்படியே வெட்டுவது

பெரிய வினை இதுதான். ஒரு தம்பி கோயில் விழா மலருக்கு எழுதியிருந்தார்: கும்பம் கோணலாகச் சாய்ந்ததால் கும்பகோணம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேவாரத்தில் அந்த ஊர் குடமூக்கு. குடம் கும்பமானது சரி, மூக்கு எங்கே போனது? எங்கும் போகவில்லை. வடமொழியில் மூலை 'கோண', மூக்கு 'கோணா'. அங்கே ககரம் நான்கு வகை. முன்னது முதல் ககரத்தில் தொடங்கும், பின்னது நான்காம் ககரத்தில். வடமொழி எழுதும் நாகரி எழுத்தில் வந்த பழைய அச்சில் இந்த ஊர்ப்பெயரை நான்காம் ககரத்தோடு பார்க்கலாம். தமிழில் நான்கிற்கும் ஒரே 'க' என்பதால் மூக்கு மூலையாகிவிட்டது.

தம்பியிடம் சொன்னேன். "அண்ணா, மலர் அச்சுக்குப் போயிடுச்சே" என்றார். சரி, தொலையட்டும் என்று விட்டால், அப்புறம் வேறொருவர் அந்த மலரையே சான்றாகக் காட்டிக் கட்டுரை அனுப்புகிறார்! எனக்கு இன்னும் ஆறாத எரிச்சல் அது.

விருத்தாசலத்தில் 'விருத்தி'யைத் தேடுகிறவர்களும் இப்படித்தான். தேவாரத்தில் திருமுதுகுன்றம் என்று இருக்கிறது. முதுமைக்கு விருத்தம், குன்றுக்கு அசலம், அவ்வளவே. மாயவரத்தில் மாயமும் இல்லை, வரமும் இல்லை. மயிலாடுதுறை மாயூரமாகி, மாயவரமாகத் தேய்ந்தது. 1982இல்தான் அரசு பழைய பெயரைத் திரும்ப வைத்தது.

அதனால் முதலில் பதிகம், கல்வெட்டு, பழைய பத்திரம் என்று தேடி, கிடைப்பதில் மூத்த வடிவத்தை எடுங்கள். கிடைக்காவிட்டால் பெயர்க்காரணத்தை எழுதாமல் விடுங்கள். கட்டுரை ஒன்றும் குறைந்துபோகாது.

ரகரமும் றகரமும்

பறங்கிமலையில் இருக்கிற 'பறங்கி' ஐரோப்பியர். 'ஃபிராங்க்' என்ற இனப்பெயர் அரபு, பாரசீகம் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த வடிவம் அது. இன்று பலரும் 'பரங்கிமலை' என்றே எழுதுவதால் அதைத் திருப்பரங்குன்றத்தோடு முடிச்சுப் போடுகிறார்கள். பறங்கியர் கப்பல் ஏறுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே, சங்கப் பாடல்களில் அது பரங்குன்று.

கோடு

திருச்செங்கோட்டுக் கோடு மலை. ஸ்கேல் வைத்துப் போட்டதல்ல.

பட்டினம், பட்டணம்

பட்டினம் கடலோர ஊர், பட்டணம் எந்த நகரமாகவும் இருக்கலாம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கடலைத் தேடாதீர்கள்.

அயல்நாட்டில் தமிழ் தேடுவது

'பூர்' என்று முடிந்தாலே நம் ஊர் என்று குதிக்க வேண்டாம். சிங்கப்பூரில் இருப்பது வடமொழிப் 'புரம்'தான், அதில் சிக்கல் இல்லை. அந்தத் தைரியத்தில் கோலாலம்பூருக்குப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே 'பூர்' தனிச் சொல்லே அல்ல. மலாய் மொழியில் 'குவாலா' ஆறுகள் கூடும் இடம், 'லும்பூர்' சேறு. கொம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றில் வந்து சேர்கிற இடத்தில்தான் அந்த நகரம் தொடங்கியது.