விலை கூடிய டூல்ஸ் வாங்கும்போது மெக்கானிக்குகள் செய்யும் தவறுகள்

பைக்கில் முன் டிஸ்க் பிரேக்குக்கான ஆயில் டப்பா ஹேண்டில்பாரில் இருக்கும். அதன் மூடியை இரண்டு சின்ன ஸ்டார் ஸ்க்ரூ பிடித்திருக்கும். கொஞ்சம் பழைய வண்டி என்றால் அதில் ஒன்றாவது தலை மழுங்கித்தான் பட்டறைக்கு வரும். தொழில் பழகிய நாட்களில் நானும் ஒன்றை மழுக்கி, கடைசியில் டிரில் போட்டு எடுத்தேன். மட்டமான ஸ்க்ரூ டிரைவர், அதான் இப்படி என்று நினைத்து அடுத்த மாதமே விலை கூடியதாக ஒன்று வாங்கினேன். அதுவும் வழுக்கியது.

ஜப்பான் வழி வந்த வண்டிகளில் இருக்கும் ஸ்டார் ஸ்க்ரூ பெரும்பாலும் ஜே.ஐ.எஸ். வகை, அதாவது ஜப்பானியத் தர அளவில் செய்தது. நாம் கடையில் வாங்கும் டிரைவரோ பெரும்பாலும் பிலிப்ஸ் என்ற வேறு வகை. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் பிலிப்ஸ் முனை அந்தப் பள்ளத்தில் அடிவரை உட்காராமல், திருப்பும்போது மேலே ஏறி ஸ்க்ரூவின் தலையைத் தின்றுவிடும். தலையில் சின்னதாக ஒரு புள்ளி குத்தியிருந்தால் அது ஜே.ஐ.எஸ். என்று தெரிந்துகொள்ளலாம். ஜப்பானின் வெஸல் போன்ற கம்பெனிகள் இதற்கென்றே டிரைவர் செய்கின்றன. பெரிய விலையும் இல்லை. பொருந்தாத டூலை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பொருந்தாதுதான்.

அடுத்தது, பெட்டியைப் பார்த்து மயங்குவது. 108 பீஸ் செட் என்றதும் கை நீளும். அதில் தினமும் கையில் எடுப்பது பதினைந்து இருந்தால் அதிகம். ஸ்னாப்-ஆன் கம்பெனி 1920-ல் அமெரிக்காவில் ஆரம்பித்தபோது விற்றது வெறும் 5 கைப்பிடி, நட்டின்மேல் குல்லா மாதிரி மாட்டும் 10 சாக்கெட். மாற்றி மாற்றி மாட்டி 50 டூலின் வேலையைச் செய்யலாம் என்பதுதான் அவர்கள் சொன்ன கணக்கு. அந்தப் பெயரை வைத்தே இன்று ஆளுயர அலமாரி நிறைய டூல் வாங்குகிறார்கள் என்பது வேறு கதை.

அந்த விலையில் டூலுக்கானது எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஸ்னாப்-ஆன் டீலர் பட்டறை பட்டறையாக வேனில் வருவார். வாரத் தவணைக்குக் கொடுப்பார், உடைந்ததை வாசலிலேயே மாற்றித் தருவார். அங்கே மெக்கானிக் கொடுக்கும் விலையில் இந்தச் சேவையும் சேர்த்தி. நம் தெருவுக்கு அந்த வேன் வருவதில்லை. இறக்குமதி வரியும் கட்டி, உடைந்தால் யாரிடம் போவது என்று தெரியாமல், 'லைஃப்டைம் வாரண்டி' என்ற இரண்டு வார்த்தைக்குக் காசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நாசிக்கில் தயாராகும் டபாரியா ஸ்பேனர் நம் ஊர் ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கிறது. பெரும்பாலான வேலைக்கு அது போதும்.

அப்படியானால் எதில் செலவு செய்யலாம்? நட்டையும் போல்ட்டையும் தொடும் டூலில்: ரிங் ஸ்பேனர், சாக்கெட், அலன் கீ. ஸ்பேனரின் வாய் ஒரு நூல் அகலமாக இருந்தாலும் விசை நட்டின் மூலைமேல் போய் உட்கார்ந்து அதை மழுக்கிவிடும். கடைக்குப் போகும்போது 10 நம்பர், 12 நம்பர் தலையுள்ள புது போல்ட் இரண்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போங்கள். ஸ்பேனரை மாட்டி இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் வைத்துவிடலாம், எந்தப் பெயர் அச்சடித்திருந்தாலும் சரி. சாக்கெட்டில் 12 முனை உள்ளதைவிட 6 முனை உள்ளது துருப்பிடித்த நட்டை நன்றாகக் கவ்வும். பலர் செட் வாங்கும்போது இதைக் கவனிப்பதே இல்லை.

நட்டை அடித்து அடித்துத் திருப்பும் மெஷினான இம்பாக்ட் கன்னில் பளபளக்கும் குரோம் சாக்கெட்டை மாட்டாதீர்கள். அது கையால் திருப்புவதற்கு ஆனது. அடி தாங்காமல் வெடித்தால் சில்லு கண்ணுக்குத்தான் வரும். இம்பாக்டுக்கு என்றே சுவர் தடித்த கறுப்பு சாக்கெட் இருக்கிறது, அதை வாங்குங்கள்.

போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த அளவை வைத்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் விஷயத்தில் வாங்கிய பிறகுதான் தவறு நடக்கிறது. அதை வைத்து இறுகிய போல்ட்டைக் கழற்றுவார்கள். 'கிளிக்' சத்தம் வரும் வகையில், வேலை முடிந்ததும் அளவை அதிலுள்ள மிகச் சிறிய எண்ணுக்குக் குறைக்காமல் அப்படியே பெட்டியில் போடுவார்கள். உள்ளே ஸ்பிரிங் இறுகியே கிடந்து அளவு பொய் சொல்ல ஆரம்பிக்கும். 12 மாதம் அல்லது 5,000 முறை, எது முந்துகிறதோ அப்போது சரிபார்க்கச் சொல்கிறது இதற்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 6789. இதற்கெல்லாம் பொறுமை இல்லாதவர் விலை கூடிய டார்க் ரெஞ்ச் வாங்கி ஒரு பிரயோஜனமும் இல்லை. அளவு தப்பி இறுக்கினால் அலுமினிய எஞ்சினில் மரை போவது போவதுதான்.

சாக்கெட்டைக் கழற்றாமலே முன்னும் பின்னும் ஆட்டித் திருப்பும் கைப்பிடிதான் ராட்செட். அதில் உள்ளே இருக்கும் பல்லைப் பாருங்கள். 24 பல் என்றால் ஒவ்வொரு பல்லுக்கும் 15 டிகிரி திருப்ப வேண்டும், 72 பல்லுக்கு 5 டிகிரி போதும். கை நுழையாத இடத்தில் இந்த வித்தியாசத்துக்குக் காசு கொடுக்கலாம். அதே ராட்செட்டில் பைப்பைச் சொருகி ஏறி மிதித்தால் பல் போய்விடும். அந்த வேலைக்கு பல் இல்லாத நீளக் கைப்பிடியான பிரேக்கர் பார் இருக்கிறது.

சுத்தியல், டயர் லிவர், உளி இதெல்லாம் விலை குறைந்ததே போதும். 10 நம்பர் சாக்கெட்டை மட்டும் இரண்டாக வாங்கிவிடுங்கள். வண்டிக்குள் விழுந்து காணாமல் போவது எப்போதும் அதுதான்.