ஹார்ன் காட்டிக்கொடுத்த கோளாறு

ஹூஸ்டனில் என்னிடம் ஒரு பழைய பிக்கப் இருக்கிறது. போன கோடையில் அதன் ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பித்தது. இரண்டு வாரம் கண்டும் காணாமல் ஓட்டினேன். மடத்தனம்தான், அது எரிந்துகொண்டே இருந்தால் மோதும்போது பை விரியாமலே போகலாம்.

பிறகு ஹார்ன் அடிக்கவில்லை, ஸ்டீயரிங்கில் உள்ள, வேகத்தை ஒரே சீராக வைக்கும் குரூஸ் பட்டனும் செத்துவிட்டது. அப்போதுதான் பொறி தட்டியது. மூன்றுக்கும் மின்சாரம் போவது ஸ்டீயரிங்குக்குள் நாடாபோலச் சுருண்டிருக்கும் கிளாக் ஸ்பிரிங் வழியாகத்தான்.

முதலில் எழுத்தும் எண்ணுமாக 17 இடங்கள் கொண்ட வின் எண்ணை, அதாவது வண்டியின் அடையாள எண்ணை, அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏவின் தளத்தில் போட்டுப் பார்த்தேன். தயாரிப்புக் குறைக்காக நிறுவனமே வண்டியைத் திரும்ப அழைக்கும் ரீகால் இருந்தால் டீலரே இலவசமாகச் சரிசெய்திருப்பார். எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

சக்கரங்களை நேராக நிறுத்தி, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஏர்பேக்குக்காக மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டரில் தங்கியது வடியவேண்டும். ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டரில் மல்டிமீட்டரை வைக்கவே கூடாது. பை வெடித்து விரிந்துவிடலாம். கழற்றிய ஏர்பேக்கை முகப்பு மேலே பார்க்கும்படி வைத்தேன். புது ஸ்பிரிங்கைச் சரியாக நடுவில் நிறுத்திப் பொருத்தினேன். இல்லாவிட்டால் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது அறுந்துவிடும். ஸ்கேனரில் கோளாறுக் குறியீட்டை அழித்ததும் விளக்கு அணைந்தது, ஹார்னும் அலறியது.

அதே வண்டியில் சீட் பெல்ட்டும் மெதுவாகத்தான் உள்ளே போனது. அதற்குக் காரணம் வெறும் அழுக்கு. முழுவதும் வெளியே இழுத்து, சோப்புத் தண்ணீரில் துடைத்து, இரவு முழுக்கக் காயவிட்டேன்.