கைபேசி எடுத்துக்கொள்ளும் தூக்கத்தை அளப்பதும் மீட்பதும்: விடுதி மாணவர்களுக்கான செய்முறை

இரவு 11 மணிக்குப் படுத்துக் காலை 7 மணிக்கு எழுந்தும் முதல் பாடவேளையிலேயே கண் சொருகுகிறது என்று சொல்லும் மாணவர்களிடம், கைபேசியை எத்தனை மணிக்குக் கீழே வைத்தீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். பெரும்பாலோரிடம் அதற்குத் தெளிவான விடை இருப்பதில்லை. ஆகவே, எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பார்ப்போம்.

படி 1: ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தில், படுத்த நேரம், கைபேசியை வைத்த நேரம், தூங்கிப்போன நேரம், எழுந்த நேரம் ஆகிய நான்கையும் ஏழு நாள்கள் குறித்து வாருங்கள். காலையில் எழுந்ததும் தோராயமாக எழுதினால் போதும். இரவில் அடிக்கடி மணி பார்ப்பது இருக்கும் தூக்கத்தையும் விரட்டும். இந்த வாரம் பழக்கத்தைத் திருத்த முயல வேண்டாம். திருத்தினால் உண்மை நிலை தெரியாது.

படி 2: தூங்கிய நேரத்தைப் படுக்கையில் இருந்த நேரத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 11 மணிக்குப் படுத்தவர் 12.30-க்குக் கைபேசியை வைத்து, 1 மணிக்குத் தூங்கி, 7 மணிக்கு எழுந்தால், எட்டு மணி நேரத்தில் ஆறு மணி நேரமே தூக்கம். அதாவது 75 விழுக்காடு. 85-க்கு மேல் இருப்பதையே நல்ல தூக்கம் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் தேவை என்பது அமெரிக்கத் தேசியத் தூக்க அறக்கட்டளையின் 2015-ஆம் ஆண்டுப் பரிந்துரை.

படி 3: எது தூக்கத்தைக் கெடுக்கிறது என்று பிரித்தறியுங்கள். விழித்திரையில் உள்ள சில உயிரணுக்கள் நீல ஒளியை உணர்ந்து, இன்னும் பகல்தான் என்று மூளைக்குத் தெரிவிப்பதால், தூக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகிறது. இது உண்மைதான். ஆனால் 2014-இன் இறுதியில் வெளியான ஓர் ஆய்வில், படுக்கும் முன் நான்கு மணி நேரம் ஒளிரும் திரையில் படித்தவர்கள், அச்சு நூல் படித்தவர்களைவிடச் சுமார் பத்து நிமிடமே தாமதமாகத் தூங்கினார்கள். மேலே கண்ட மாணவர் கைபேசியோடு கழித்ததோ தொண்ணூறு நிமிடம். திரையை மஞ்சளாக்கிவிட்டு ரீல்ஸ் பார்ப்பவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்: முடிவே இல்லாமல் அடுத்தடுத்து வரும் காணொளிகளும், வகுப்புக் குழுவில் நள்ளிரவில் மூளும் வாக்குவாதங்களும் பறிக்கும் நேரத்தை எந்த வண்ண அமைப்பும் திருப்பித் தராது.

படி 4: சார்ஜரைக் கட்டிலிலிருந்து எழுந்து நடந்தால் மட்டுமே எட்டும் இடத்துக்கு மாற்றுங்கள். இந்த ஒரு மாற்றத்தையே நான் மிகவும் நம்புகிறேன். அலாரத்துக்கு மலிவான மேசைக் கடிகாரம் போதும். வீட்டிலிருந்து அவசர அழைப்பு வந்தால் என்ன செய்வது என்று அஞ்சுபவர்கள், 'டு நாட் டிஸ்டர்ப்' அமைப்பில் அம்மா, அப்பா எண்களுக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம்.

படி 5: ஞாயிறு உட்பட எல்லா நாளும் ஒரே நேரத்தில் எழுங்கள். மாலை 5 மணிக்குக் குடித்த தேநீரின் காஃபீனில் ஏறத்தாழ பாதி இரவு 10 மணிக்கும் உடலில் இருக்கும் என்பதால், அதைப் பிற்பகலோடு நிறுத்துங்கள். படுத்து இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால், எழுந்து மங்கிய வெளிச்சத்தில் அமர்ந்திருந்து, கண் அயரும்போது படுக்கைக்குத் திரும்புங்கள்.

இரண்டாம் வாரமும் குறிப்பெழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். சிலருக்கு எண்கள் மாறாது. மனச்சோர்வும் தூக்கமின்மையும் ஒன்றையொன்று வளர்ப்பவை. தனிமையையோ அரியர் பயத்தையோ தாங்க முடியாமல் கைபேசிக்குள் ஒதுங்குபவரிடம் சார்ஜரை மாற்றச் சொல்வது மட்டும் போதாது. எதிலும் நாட்டமில்லாத நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அல்லது 2022 அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ அழையுங்கள். அழைப்பு இலவசம், நள்ளிரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.