அப்பச்சிக்கு வீடியோவில் பேச்சுப் பயிற்சி: பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு

ஆன்லைன் ஸ்பீச் தெரபி என்றால் திரையில் ஒருவர் சொல்வார், நம் வீட்டுப் பெரியவர் திருப்பிச் சொல்வார், நாம் அடுப்படி வேலையைப் பார்க்கலாம் என்று நினைத்து ஆரம்பிக்காதீர்கள். பாதி வகுப்பு பக்கத்தில் உட்காரும் ஆளுக்குத்தான்.

எங்கள் அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை இப்படித்தான் கூப்பிடுவோம்) மலேசியாவில் ஈப்போவில் கிட்டங்கிக் கணக்கு, அதாவது வியாபாரக் கிடங்கின் கணக்கு, எழுதியவர். இப்போது தேவகோட்டை வீட்டில் நானும் அவரும். அவருக்கு வந்திருப்பது பிரைமரி புரோகிரசிவ் அஃபேசியா. மற்ற ஞாபகங்கள் ஓரளவு நிற்க, முதலில் பேச்சு கரைகிற டிமென்ஷியா (மறதி நோய்). 1982-ல் மார்செல் மெசுலம் என்ற நரம்பியல் மருத்துவர் இதைத் தனியாகப் பிரித்து எழுதினார். பொதுவாக மூன்று வகை சொல்கிறார்கள்: சொல் கிடைக்காமல் நிற்பது, வாக்கியம் உடைந்து திணறுவது, சொல்லின் பொருளே மறந்துபோவது. வகைக்கு ஏற்ப பயிற்சி மாறும் என்பதால் டாக்டர் சீட்டையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் தெரபிஸ்டுக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். காதையும் கண்ணாடியையும் அதற்கு முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கவனம்: நேற்றுவரை பேசியவருக்குத் திடீரென்று வாய் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம், வகுப்பெல்லாம் அப்புறம், உடனே 108.

தெரபிஸ்டிடம் ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். தப்பாக நினைக்க மாட்டார்கள். குழந்தைகளோடு மட்டும் வேலை பார்த்தவரா, பெரியவர்களின் அஃபேசியாவும் (மூளைப் பாதிப்பால் பேச்சு குலைவது) பார்த்தவரா என்பதையும் கேளுங்கள். 'பழையபடி பேச வைத்துவிடுவேன்' என்று சொல்பவர் வேண்டாம். இந்த நோய் முன்னேறிக்கொண்டுதான் இருக்கும். பழகிய சொற்களைக் கொஞ்ச காலம் பிடித்துவைப்பது, பேச்சு குறைந்தாலும் சொல்ல வந்ததைப் புரியவைப்பது, இவைதான் இலக்கு. அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கம்யூனிகேஷன் பிரிட்ஜ் என்ற ஆய்வும் வீடியோ வழிப் பயிற்சிதான். அதிலும் நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவரைச் சேர்த்தே உட்கார வைக்கிறார்கள்.

அடுத்தது இடம். நம் செட்டிநாட்டு வீடுகளுக்கு இதில் தனிப் பிரச்சினை உண்டு. வளவில் (முற்றத்தைச் சுற்றிய பகுதி) உட்கார்ந்தால் உயரக் கூரையும் ஆத்தங்குடித் தரைக்கல்லும் குரலை எதிரொலிக்கும். அறைக்குள் போனால் கனத்த சுவர் சிக்னலை விடாது. நாங்கள் முகப்பை ஒட்டிய சின்ன அறையில் ஜமுக்காளம் விரித்து, சன்னலுக்குத் திரை போட்டு, பிராட்பேண்ட் பெட்டியையும் அங்கேயே மாற்றிவிட்டோம். வெளிச்சம் அவர் முகத்தில் விழ வேண்டும். முதுகுப்பக்கம் விழுந்தால் தெரபிஸ்டுக்கு வெறும் நிழல்தான் தெரியும், வாயசைவு தெரியாது. போன் வேண்டாம், லேப்டாப்பைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி வையுங்கள். அவருடைய முகமே திரையில் தெரியும் சின்னக் கட்டத்தை மறைத்துவிடுங்கள்; இல்லையென்றால் 'யாரு அது?' என்று அதையே பார்த்துக்கொண்டிருப்பார். காலைப் பலகாரம் முடிந்த நேரம் நல்லது. சாயங்காலம் களைப்பில் ஒன்றும் ஏறாது.

இனி, எந்தச் சொற்கள்? தயார் அட்டைகளில் ஸ்ட்ராபெர்ரியும் பனிமனிதனும் இருக்கும். அப்பச்சிக்கு அது எதற்கு? அவர் தினம் தொடுகிற, கேட்கிற, கூப்பிடுகிற சொற்களாக ஒரு சிறு பட்டியல் போடுங்கள்: பேரன் பேர், வெந்நீர், மூக்குக்கண்ணாடி, பணியாரம், கொட்டான் (ஓலைக் கூடை). நம் வீட்டுப் பொருளையே படமெடுத்து தெரபிஸ்டுக்கு அனுப்பினால் அவர் அதையே திரையில் காட்டுவார்.

வகுப்பில் கற்றுக்கொடுத்ததை நாங்கள் வீட்டில் செய்வது இப்படி. கொட்டான் படம் முன்னால் இருக்கிறது, சொல் வரவில்லை. 'இது என்ன, சொல்லுங்க பார்ப்போம்' என்று பரீட்சை வைப்பதில்லை. எதில் பின்னுவாங்க? 'ஓலை.' எதுக்கு எடுப்போம்? 'கல்யாணம்... பலகாரம்.' எங்க இருக்கும்? ரெண்டாங்கட்டுப் பக்கம் கையைக் காட்டுவார். அதுவும் பதில்தான். இத்தனைக்குப் பிறகும் நின்றால் 'கொ...' என்று முதல் எழுத்தை மட்டும் எடுத்துக் கொடுப்பேன். அதற்கும் வரவில்லையா, நானே 'கொட்டான்' என்று சொல்லிவிடுவேன். அவர் திருப்பிச் சொல்வார், நோட்டில் எழுதுவார் (கணக்குப்பிள்ளைக் கையெழுத்து இன்னும் அப்படியே இருக்கிறது), பிறகு ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்வார். தப்பு விட்டுத் தவிக்கவிடுவதைவிட, சரியான சொல்லை வாயால் பலமுறை சொல்ல வைப்பதுதான் முக்கியம். தினம் கொஞ்ச நேரம் போதும். முகம் சுண்டினால் நிறுத்திவிடுங்கள்.

அவருக்கு அவ்வப்போது மலாய் வரும். சோற்றைப் பார்த்து 'மாக்கான்' என்பார். அதையும் சரியான விடையாக எடுத்துக்கொள்ளும்படி தெரபிஸ்டிடம் சொல்லிவைத்தேன். ரெண்டு பாஷை பேசியதால்தான் குழப்பம் என்று எங்கள் சின்ன ஆச்சி சொன்னார், அது சரியில்லை. 2013-ல் வெளிவந்த ஹைதராபாத் ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு டிமென்ஷியா சுமார் நாலரை வருடம் தள்ளித்தான் தொடங்கியிருந்தது.

இன்னொன்று. நகரத்தாருக்கு ஒன்பது நகரக் கோயில்கள். 'இளையாத்தங்குடி' என்று முதல் கோயிலை நான் எடுத்துக்கொடுத்தால் மீதி எட்டுக் கோயில் பேரும் அப்பச்சி வாயில் தடையில்லாமல் ஓடும். மனப்பாடமாக வரிசையில் வருவது வேறு, யோசித்துச் சொல் எடுப்பது வேறு. 'இதெல்லாம் சொல்றாரே, வேணும்னுதான் பேசமாட்டேங்கிறாரோ' என்று கேட்கும் உறவுக்காரர்களுக்கு இதைப் பொறுமையாக விளக்குங்கள். வகுப்பு தொடங்கும்போது வாய் பழக அந்த வரிசை நல்லது, அவ்வளவுதான்.

தனிச்சொற்களோடு நாலைந்து முழு வாக்கியங்களையும் தயார் செய்யுங்கள். சிங்கப்பூர்த் தம்பிக்குப் போன் போடும்போது சொல்ல: 'நான் நல்லா இருக்கேன். பிள்ளைக சாப்பிட்டாங்களா?' அவர் பேசும் தோரணையிலேயே இருக்க வேண்டும், பாடப்புத்தக வாக்கியம் ஒட்டாது. தம்பியும் அங்கிருந்தே மாதத்தில் சில வகுப்புகளில் சேர்ந்துகொள்கிறான். ஆன்லைனில் இது ஒரு வசதி. கல்யாண வீட்டுக்கோ பேங்குக்கோ போக, சட்டைப்பையில் ஒரு சீட்டு: 'எனக்குப் பேச்சு தடுமாறும். நீங்கள் சொல்வது புரியும். கொஞ்சம் பொறுங்கள்.' அவர் குரலில் பேரப்பிள்ளைகளைக் கூப்பிடுவதை இப்போதே போனில் பதிந்துவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

வீட்டில் எல்லோருக்கும்: டிவியை அணைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள். 'என்ன வேணும்?' என்பதைவிட 'காபியா, மோரா?' என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். கேட்டபின் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். எனக்கு இதுதான் கஷ்டம்.

போகப்போக அவர் திரையைப் பார்க்காமல் எழுந்துபோகும் நிலை வரலாம். அப்போது வகுப்பை ரத்து செய்ய வேண்டாம். அந்த நேரத்தை நமக்கு மட்டும் கேட்டு வாங்கி, படப்புத்தகம் வைத்தும் சைகையிலும் பேச்சை எப்படி நடத்துவது என்று கற்றுக்கொள்ளலாம். காபி குடிக்கும்போது அடிக்கடி புரையேறினால் அதையும் தெரபிஸ்டிடம் சொல்லுங்கள். விழுங்கும் பிரச்சினையைப் பார்ப்பதும் அவர்கள் வேலைதான். ஆனால் அதற்கு வீடியோ போதாது. மதுரைக்கோ திருச்சிக்கோ போய் நேரில் காட்டிவிடுங்கள்.