குதிகாலைப் பார்த்தீர்களா? பராமரிப்பு இல்லங்களில் குடும்பத்தார் செய்யும் தவறுகள்

பெரியம்மாவைப் பார்க்க நாங்கள் எப்போதும் ஞாயிறு காலை பதினோரு மணிக்குத்தான் போவோம். குளிப்பாட்டி, தலை வாரி, பவுடர் பூசி, சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருப்பார்கள். காலில் வெள்ளைக் காலுறை. பார்க்க நிறைவாக இருக்கும். ஒருமுறை செவ்வாய்க்கிழமை மாலை போக நேர்ந்தது. காலுறையைக் கழற்றினால், இடது குதிகாலில் கட்டைவிரல் அகலத்துக்குக் கருநீலத் தடம். அதற்குமுன் ஒரு ஞாயிறுகூட நாங்கள் அந்தக் காலுறையைக் கழற்றிப் பார்த்ததில்லை.

சொன்ன நேரத்துக்கே போய்வருவதுதான் முதல் தவறு. ஆள் குறைவாக இருக்கும் இரவு உணவு வேளை, விடுமுறை நாள் மாலை, பணி மாறும் நேரம் ஆகியவற்றில்தான் ஓர் இல்லத்தின் உண்மை முகம் தெரியும். இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே கதைதான். வரவேற்பறையையும் பளபளக்கும் தரையையும் பார்த்து மயங்கிவிடுகிறோம். (வழவழப்பான தரை வயதானவருக்கு ஆபத்து என்பது தனி விஷயம்.) மருத்துவத் தரத்தை எப்படி அளப்பது என்று 1966-இல் எழுதிய அவெடிஸ் டொனபேடியன், கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என மூன்றாகப் பிரித்தார். நாம் முதலாவதிலும் வெறும் கட்டடத்தோடு நின்றுவிடுகிறோம். கட்டடம் எப்படி என்பதைவிட, இரவு இரண்டு மணிக்கு எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர்கள், அவர்களில் நர்ஸ் எத்தனை பேர், போன ஆண்டு வேலைக்குச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்பவையே கேட்க வேண்டியவை. பதில் சொல்லத் தயங்கினால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

பெரியம்மாவின் குதிகாலில் கண்டது படுக்கைப் புண். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். பெயர் நம்மை ஏமாற்றிவிடுகிறது. நாற்காலியில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பவருக்கும் அது வரும். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தசை நசுங்கி, இரத்த ஓட்டம் நின்றுபோவதால் வருவது அது. குதிகால், இடுப்பின் பின்புறம், இடுப்பெலும்பின் பக்கவாட்டு ஆகியவை முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து மீண்டும் சிவந்தால் இரத்தம் ஓடுகிறது. வெளுக்காமல் அப்படியே இருந்தால் புண்ணின் முதல் நிலை தொடங்கிவிட்டது. நம்மைப் போன்ற கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. அந்த இடம் மட்டும் சுடுகிறதா, கல்போல இருக்கிறதா, தொட்டால் முகம் சுளிக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

இங்கே நல்லெண்ணத்தோடு செய்கிற தவறுகள் இரண்டு. சிவந்த இடத்தில் எண்ணெய் விட்டுத் தேய்ப்பது ஒன்று. அது உள்ளே நசுங்கியிருக்கும் தசையை மேலும் கெடுக்கும். நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணை வாங்கிக் கொடுப்பது மற்றொன்று. அது ஓட்டையைச் சுற்றியுள்ள தோலை அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். இரண்டையும் நாங்கள் செய்திருக்கிறோம்.

‘விழுந்துவிடுவார், கொஞ்சம் கட்டிவைத்தால் என்ன?’ என்று இல்லத்தாரிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள்தான். கட்டிவைத்தால் கால் தசை வற்றும், புண் வரும், மனம் உடையும். பணியாளரின் வசதிக்காகவோ தண்டனையாகவோ கட்டிவைக்கக் கூடாது என்று அமெரிக்கா 1987-இலேயே சட்டம் கொண்டுவந்துவிட்டது. கட்டிலின் பக்கத் தடுப்புக் கம்பிகளும் எல்லோருக்கும் பாதுகாப்பு அல்ல. குழம்பிய மனநிலையில் இருப்பவர் அதன்மேல் ஏறித் தாண்டப் பார்த்தால் இன்னும் உயரத்திலிருந்து விழுவார். மெத்தைக்கும் கம்பிக்கும் இடையே சிக்கி இறந்தவர்களும் உண்டு. தாழ்வான கட்டில், இரவு விளக்கு, காலைப் பிடித்து நிற்கும் செருப்பு ஆகியவை எவ்வளவோ மேல். இவற்றோடு, நள்ளிரவில் சிறுநீர் கழிக்கத் தனியாக எழுவதற்கு முன்பே யாராவது வந்து அழைத்துப்போகும் வழக்கமும் வேண்டும்.

‘இப்போதெல்லாம் சத்தமே போடுவதில்லை, அமைதியாக இருக்கிறார்’ என்று சொன்னால் மகிழ்ந்துவிடாதீர்கள். மறதி நோய் உள்ளவர்களை அடக்கத் தரப்படும் சில மனநோய் மருந்துகள் அவர்களிடையே இறப்பைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் எச்சரித்தது. 2008-இல் அந்த வகையின் பழைய மருந்துகளையும் சேர்த்துக்கொண்டது. திடீரென்று தூங்கி வழிவது கிருமித் தொற்றின் அறிகுறியாகவும் இருக்கலாம். புது மாத்திரை எதுவானாலும் எதற்காக, எந்தத் தேதியிலிருந்து, எப்போது நிறுத்திப் பார்ப்பார்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள், அதுவும் ஆபத்துதான்.

எடையைக் கேட்காமல் வருவதும் பெரிய தவறு. ஒரு மாதத்தில் ஐந்து சதவீதம், ஆறு மாதத்தில் பத்து சதவீதம் குறைந்தால் கவலைப்பட வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். ஐம்பது கிலோ உள்ளவருக்கு ஒரு மாதத்தில் இரண்டரைக் கிலோ. மேசையில் தண்ணீர் இருக்கிறதா என்பதோடு, அவர் கை அதை எட்டுகிறதா என்றும் பாருங்கள். விழுங்கச் சிரமப்படுபவருக்கு ஆசையாய் எதையாவது கொண்டுபோய்ப் படுத்தவாக்கில் ஊட்டாதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும். சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும்.

சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால், போகும்போதெல்லாம் ‘இது இன்னும் தேவையா?’ என்று கேளுங்கள். நாள் கூடக் கூடத் தொற்றும் கூடும்.

குறை சொன்னால் கோபத்தைப் பெரியவர் மீது காட்டிவிடுவார்களோ என்று பயந்து வாயை மூடிக்கொள்வதும், எதிரே வந்த கடைநிலைப் பணியாளர் மீது எரிந்து விழுவதும் ஒரே குடும்பத்தில் நடக்கும். கண்டதைத் தேதி, நேரத்தோடு எழுதிப் பொறுப்பாளரிடம் கொடுத்து, அவர் என்ன செய்யப்போகிறார் என்பதையும் எழுத்தில் வாங்குவதே பயன் தரும்.

பெரியம்மாவின் குதிகாலுக்காக நான் அன்று கத்தினேன். கேட்டுக்கொண்டது, முப்பது பேரை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்த இரவுப் பணிப் பெண். அவர் பதிலே சொல்லாமல் ஒரு தலையணையை எடுத்து, முழங்காலுக்குக் கீழே கெண்டைக்காலின் அடியில் நீளவாக்கில் வைத்தார். குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நின்றது. ‘இப்படி வைக்கச் சொல்லிப் பகல் ஆட்களிடமும் எழுதிக் கொடுங்கள் அண்ணா, நான் சொன்னால் கேட்க மாட்டார்கள்’ என்றார்.