யுலிசஸை மின்நூலாகப் படிக்க: எந்தக் கோப்பு, எந்த வரிசை

ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசஸ்’ இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் கிடைப்பதெல்லாம் ஒரே தரமில்லை. நாவலே கடினம், அதோடு ஓட்டை உடைசலான கோப்பும் சேர்ந்துகொண்டால் மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டுவதே பெரும்பாடு.

முதலில் உரிமை. ஜாய்ஸ் மறைந்தது 1941 ஜனவரியில். இந்தியச் சட்டத்தில் ஆசிரியர் காலத்துக்குப் பிறகு 60 ஆண்டு என்பதால் 2002 முதல் இங்கே பொதுவுடைமை. எழுபது ஆண்டுக் கணக்கு உள்ள நாடுகளிலும் 2011 முடிவோடு காலம் தீர்ந்தது. பிற்காலப் பதிப்புகளில் உள்ள முன்னுரை, குறிப்புகளுக்கு மட்டும் தனி உரிமை உண்டு. ஆகவே வாட்ஸப்பில் சுற்றும் பிடிஎஃப் யாருக்கும் தேவையில்லை.

கோப்புக்கு இரண்டு இடம் போதும்: புராஜெக்ட் குட்டன்பெர்க் (நூல் எண் 4300), ஸ்டாண்டர்ட் ஈபுக்ஸ். இரண்டிலும் ஈபப் என்ற மின்நூல் வடிவத்தை எடுங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவில் பழைய அச்சுப் பிரதிகளின் பக்கப் படங்கள் இருக்கின்றன. பெரிய திரையில் பார்க்க அருமையானவை, ஆறு அங்குலத் திரையில் கண்ணுக்குத் தண்டனை. அந்தப் படங்களிலிருந்து இயந்திரம் தானாக உருவாக்கிய ஈபப்பைத் தொடவே வேண்டாம். பக்க எண்ணும் தலைப்பும் வாக்கியத்தின் நடுவே விழும், ‘ஆர்’, ‘என்’ இரண்டும் ஒட்டி ‘எம்’ ஆகும். வேறு நாவலில் பிழை பிழையாகத் தெரியும். இதில் ஜாய்ஸே அப்படித்தான் எழுதினாரோ என்று அரை மணி நேரம் யோசிக்க வைக்கும்.

படிக்கத் தொடங்கும் முன் கோப்பை மூன்று இடங்களில் சோதியுங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு தந்தி வருகிறது. ‘டையிங் கம் ஹோம் ஃபாதர்’ என்ற சொற்களை ஆங்கிலத்தில் தேடினால் அகப்படும். அதன் முன்னால் ‘மதர்’ இருந்தால் 1922 முதல் அச்சின் வழி வந்த பாடம், அதாவது நூலின் அந்த வடிவம். ‘நதர்’ இருந்தால் 1984இல் பதிப்பாசிரியர் ஹான்ஸ் வால்டர் காப்ளர் சீர்செய்த பாடம். ஜாய்ஸ் எழுதியது தவறாக அடிக்கப்பட்ட தந்தி. அச்சில் அது ‘திருத்தப்பட்டுவிட்டது’. எந்தப் பாடமானாலும் படிக்கலாம், கையில் இருப்பது எது என்று தெரிந்தால் போதும். அடுத்து, 17ஆம் அத்தியாயத்தின் கடைசி வரி. ‘எங்கே?’ என்ற கேள்விக்குப் பதில் ஒரு பெரிய கரும்புள்ளி. வடிவமாற்றத்தில் அது பல கோப்புகளில் காணாமல் போகிறது, கேள்வி அந்தரத்தில் நிற்கிறது. மூன்றாவது, 18ஆம் அத்தியாயம் எட்டே பத்திகளாக இருக்க வேண்டும். கூடுதலாகத் துண்டுபட்டிருந்தால் வேறு கோப்பு தேடுங்கள்.

கிண்டில் வைத்திருப்பவர்கள் ‘சென்ட் டு கிண்டில்’ வழியே ஈபப்பையே அனுப்பலாம். கிண்டிலின் சொந்த வடிவமான ஏஇசட்டபிள்யூ3 கோப்பை அது ஏற்காது. அதற்கு யூஎஸ்பி கேபிள்தான். எழுத்தை இடப்பக்கம் மட்டும் சீராக்கி வைத்தால், நீளமான கூட்டுச்சொற்கள் வரும் வரிகளில் அசிங்கமான இடைவெளி விழாது.

அந்தக் கூட்டுச்சொற்கள்தான் அகராதிக்கும் தலைவலி. முதல் அத்தியாயத்தில் கடலின் நிறத்துக்கு ‘ஸ்நாட்கிரீன்’ என்கிறான் ஒருவன். அழுத்திப் பிடித்தால் அகராதி கையை விரிக்கும். கருவியில் கோளாறில்லை, ‘ஸ்நாட்’ என்றால் மூக்குச்சளி, ‘கிரீன்’ பச்சை. பதம் பிரித்துப் படித்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல.

ஆய்வாளர்கள் அத்தியாயங்களை டெலமகஸ், புரோட்டியஸ், சர்சி என்று ஹோமரின் ‘ஒடிசி’ காவியப் பாத்திரங்களின் பெயரிட்டுத்தான் பேசுவார்கள். நாவலுக்குள் அந்தப் பெயர்கள் கிடையாது. ஆகவே பதினெட்டு அத்தியாயத் தொடக்கத்திலும் புத்தகக்குறி வைத்துப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். உரைநூல்களில் 3.199 போன்ற எண் வந்தால் அது காப்ளர் பதிப்பின் அத்தியாயமும் வரியும். மின்நூலில் அந்த வரி எண் இருக்காது. சொல் கொண்டுதான் தேட வேண்டும், அதுவும் மேற்கோள்குறி இல்லாத மூன்று நான்கு சொற்களாக. கோப்பில் வளைந்த குறியும் விசைப்பலகையில் நேர்குறியும் இருந்தால் தேடல் வெறுங்கையோடு திரும்பும்.

வரிசை: 1, 2 முடித்துவிட்டு 4, 5, 6. பிறகு 3. முதலும் நான்காமும் ஒரே நாளில், 1904 ஜூன் 16 அன்று காலை எட்டு மணிக்குத் தொடங்குவதால் கதை குழம்பாது. மூன்றாவது ஒருவன் கடற்கரையில் நடந்தபடி நினைப்பது. நான்காம் அத்தியாயத்தில் அறிமுகமாகும் நாயகன் புளூமோடு பழகிய பின் திரும்பினால் மிரட்டாது.

சிக்கிய இடத்தில் காதைத் திறந்துவிடுங்கள். அயர்லாந்து வானொலி ஆர்டிஇ 1982இல் முழு நாவலையும் நடிகர்களை வைத்து ஒலிபரப்பியது, ஏறக்குறைய 30 மணி நேரம். உரையாடலுக்கு ஜாய்ஸ் மேற்கோள்குறி போடுவதில்லை, வரித் தொடக்கத்தில் ஒரு கோடு மட்டுமே. பேச்சு எங்கே முடிந்து நினைப்பு எங்கே தொடங்குகிறது என்பதைக் குரல் மாறும்போது காது பிடித்துவிடும். போனில் உள்ள ‘உரையை வாசி’ வசதி அந்தக் கோட்டை விழுங்கி எல்லாவற்றையும் ஒரே குரலில் ஒப்பிக்கும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

குறிப்புகளுக்கு ‘ஜாய்ஸ் ப்ராஜெக்ட்’ தளம் நல்லது. வண்ணச் சொற்களைத் தட்டினால் விளக்கம் திறக்கும். அத்தியாயத்தை ஒருமுறை முழுதாகப் படித்த பிறகு தட்டுங்கள். முதல் வாசிப்பிலேயே தொட ஆரம்பித்தால் ஒரு பக்கத்துக்கு ஒரு மாலை போய்விடும்.